அட்டையைக் காட்டினால் போதுமா?

அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களின் புலம்பல்களில் மருந்துக் கடைக் கதை ஒன்று கட்டாயம் இருக்கும். வீடு மாறினார்களாம். பழைய கடையில் இருக்கும் மருந்துச் சீட்டைப் புதுக் கடைக்கு மாற்றித் தரச் சொன்னார்களாம். இந்தக் கடைக்காரர் கூப்பிட, அந்தக் கடைக்காரர் போனை எடுக்காமல் போக, மாத்திரை கைக்கு வர மூன்று நாள் ஆகிவிட்டதாம். இதைக் கேட்டதும் கூடத்தில் இருக்கும் பெரியப்பா நிமிர்ந்து உட்காருவார். "இங்க அந்த வம்பே கிடையாதுப்பா. காலி அட்டையக் காட்டினா எந்த மெடிக்கல்லயும் குடுத்துடுவான்." எல்லோரும் தலையாட்டுவார்கள். வெளிநாட்டில் எதற்கெடுத்தாலும் கெடுபிடி, நம் ஊரில் எல்லாம் லகுவாக நடந்துவிடும் என்ற திருப்தியோடு பேச்சு வேறு பக்கம் போகும்.

பெரியப்பா மட்டும் இப்படி நினைப்பதில்லை. கடைக்காரர்களும், பல மருத்துவர்களும், மருந்து விற்கும் செயலிகளின் விளம்பரங்களும் ஏறக்குறைய இதையேதான் சொல்கின்றன. எந்தக் கடையிலும் எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்பது இந்த நாட்டில் நோயாளிக்கு வாய்த்திருக்கும் சுதந்திரமாம். எனக்கு அப்படிப் படவில்லை. கடை மாறும்போது நோயாளியோடு கூடவே போக வேண்டிய விவரம் ஒன்று இருக்கிறது. அதைத் தூக்கிச் செல்ல இங்கே ஆளே இல்லை. ஆள் இல்லாததால் அலைச்சலும் இல்லை. நாம் பெருமைப்பட்டுக்கொள்வது இதைத்தான்.

அந்த இரண்டு அமெரிக்கக் கடைக்காரர்களும் போனில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று பார்த்தால் இது விளங்கும். தூக்க மாத்திரை, சிலவகை வலி மாத்திரை போன்ற கட்டுப்பாட்டு மருந்துகளுக்கு அங்கே கூட்டாட்சி விதியே இருக்கிறது. கொடுக்கிற கடையின் பார்மசிஸ்ட் தன்னிடம் உள்ள சீட்டை ரத்து செய்ய வேண்டும். அது எந்தக் கடைக்கு, யாரிடம், என்றைக்குப் போகிறது என்று எழுதி வைக்க வேண்டும். வாங்குகிற கடையின் பார்மசிஸ்ட், மருத்துவர் சீட்டு எழுதிய தேதி, எத்தனை முறை கொடுக்கச் சொல்லியிருக்கிறார், கடைசியாக எப்போது கொடுக்கப்பட்டது, இன்னும் எத்தனை முறை பாக்கி என்பதையெல்லாம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு கடைக்கும் பொதுவான கணினிப் பதிவு இல்லையென்றால் இப்படி மாற்றுவது ஒரே ஒரு முறைதான். கட்டுப்பாடு இன்னும் இறுக்கமான இரண்டாம் அட்டவணை மருந்துகளின் மின்சீட்டை, மருந்து கொடுக்கும் முன் ஒரு முறை வேறு கடைக்கு அனுப்பலாம் என்ற அனுமதியே 2023 ஆகஸ்ட் 28 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. சாதாரண மருந்துகளுக்கு அந்தந்த மாநில விதி. அதில் இறுக்கம் குறைவு என்றாலும், கேட்டு எழுதிக்கொள்ளும் சங்கதி கிட்டத்தட்ட இதேதான்.

ஆக, அந்த மூன்று நாள் தாமதம் எரிச்சலூட்டக்கூடியதுதான். அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் தாமதமாகவாவது வந்து சேர்வதற்கு அங்கே ஒன்று இருக்கிறது.

இங்கே ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குப் போய்ச் சேர்வது எது? கத்தரித்த அட்டையின் ஒரு துண்டு. பத்து மாத்திரை அட்டையை நாலும் ஆறுமாக வெட்டி விற்பது நம் கடைகளில் சகஜம். காலாவதித் தேதியும் பேட்ச் எண்ணும் அட்டையின் ஓரிடத்தில்தான் அச்சாகியிருக்கும். அந்த ஓரம் யார் வீட்டுக்குப் போனதோ தெரியாது. மருந்தின் பெயராவது முழுதாகத் தெரிந்தால் அதிர்ஷ்டம். சரி, அட்டை முழுதாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது யாருக்கு, எந்த நோய்க்கு, ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை நாளைக்கு, கூடவே வேறு என்ன சாப்பிடுகிறார் என்ற ஐந்து கேள்விகளில் ஒன்றுக்கும் அந்த அட்டையில் பதில் கிடையாது. சீட்டில் இருக்கும். சீட்டு வீட்டில் எல்.ஐ.சி. பத்திரங்களுக்கு அடியில் இருக்கும்.

மெத்தோட்ரெக்ஸேட் என்ற மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். முடக்குவாதத்துக்கும் சோரியாசிஸுக்கும் பரவலாக எழுதப்படுவது. வாரத்துக்கு ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் வாய் முழுக்கப் புண்ணாகும், எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உற்பத்தி செய்வதைக் குறைத்துக்கொள்ளும், உயிரே போகலாம். உலகெங்கும் மருந்துப் பாதுகாப்பு பற்றி எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்ப எச்சரிக்கும் பிழை இது. "வாரம் ஒரு முறை, திங்கட்கிழமை" என்று மருத்துவர் சீட்டில் எழுதியிருப்பார். பழைய கடைக்காரர் கவரின் மேல் பேனாவால் எழுதியும் கொடுத்திருப்பார். துண்டு அட்டையோடு புதுக் கடைக்கு மகன் போகிறான். கடைப் பையன் ஒரு அட்டை எடுத்துக் கவரில் போட்டு, கை பழகிய வேகத்தில் "காலை 1, இரவு 1" என்று கிறுக்கிக் கொடுத்தால் அதைத் தடுக்க அந்தக் கடையில் என்ன இருக்கிறது? அவனைத் திட்டிப் பயனில்லை. அவன் கையில் இருந்தது ஒரு பெயர் மட்டும்.

இவ்வளவு ஆபத்தான மருந்துக்கே போக வேண்டாம். சுகர் மாத்திரைகளில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்து வருபவை ஏராளம். பெயர் ஒன்றாகவே இருக்கும், வாலில் 1 அல்லது 2 என்று ஓர் எண் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த எண்தான் கிளிமிபிரைடின் அளவு. அட்டையை வெட்டும்போது அந்த வால் போய்விட்டால், எழுபது வயதுப் பாட்டிக்கு 1-க்குப் பதில் 2 போகும். கிளிமிபிரைடு அதிகமானால் சர்க்கரை திடீரென்று இறங்கும். வியர்த்துக் கொட்டி, தலை சுற்றிக் குளியலறையில் விழுவார்கள். வீட்டார் "வயசாயிடுச்சு, மயக்கம் வருது" என்று சொல்லிக்கொள்வார்கள். பிரஷர் மாத்திரையிலும் இதே கதை: டெல்மிசார்டன் தனியாக வரும், ஆம்லோடிபினோடு சேர்ந்து வரும், நீர் பிரிக்கும் மருந்தோடு சேர்ந்து வரும். வேற்றுமை முழுவதும் பெயரின் கடைசியில் வரும் ஓரிரு எழுத்தில்.

பிறகு, "அதே மருந்துதான், வேற கம்பெனி." கடை மாறியதும் நோயாளி முதலில் கேட்கும் வாக்கியம் இது. பெரும்பாலும் உண்மையாகவே அதே மருந்தாக இருக்கும். சிக்கல் மருந்தில் இல்லை. வீட்டில் பழைய கம்பெனி மாத்திரை பாதி அட்டை மிச்சம் இருக்கிறது. புதுக் கம்பெனி மாத்திரை வேறு நிறத்தில் வந்திருக்கிறது. டாக்டர் புதிதாக ஏதோ சேர்த்திருக்கிறார் போல என்று அம்மா இரண்டையும் போட்டுக்கொள்கிறார். ஆம்லோடிபின் இரட்டிப்பானால் கால் வீங்கும். கால் வீக்கத்துக்கு இன்னொரு டாக்டர், நீர் பிரிய இன்னொரு மாத்திரை. மாற்றிக் கொடுத்ததை யாராவது எங்கேயாவது ஒரு வரி எழுதியிருந்தால் இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்திருக்கும். மலிவான ஜெனரிக் மருந்துக்கு மாறுவதை நான் குறை சொல்லவில்லை. மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ வாங்கிக் காசு மிச்சப்படுத்துகிறவர் புத்திசாலி. மாறியது எழுதப்படாமல் போவதுதான் என் புகார்.

இங்கே எதிர்த்தரப்பு ஒன்று சொல்லும்: "நம்ம கடைன்னு ஒண்ணு வெச்சுக்கிட்டா இதெல்லாம் வராது. அண்ணாச்சிக்கு நம்ம வீட்டுல யாருக்கு என்ன மாத்திரைன்னு மனப்பாடம்." அண்ணாச்சிகள் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ராத்திரி பதினொரு மணிக்கு ஷட்டரைப் பாதி தூக்கி மருந்து எடுத்துக் கொடுத்தவர்கள் அவர்கள். ஆனால் வாதம் தன் காலைத் தானே வாரிக்கொள்வதைப் பாருங்கள். எந்தக் கடையில் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று ஆரம்பித்தோம். ஒரே கடையில் வாங்கினால்தான் பத்திரம் என்பதில் வந்து நிற்கிறோம். பாதுகாப்பு அண்ணாச்சியின் ஞாபகத்தில் இருக்கிறது என்றால், அவர் கடையை விட்டு வெளியே வரும் நிமிடம் அது நம்மோடு வருவதில்லை. பக்கத்துத் தெருவில் புதிதாகத் திறந்த சங்கிலிக் கடை 20 சதவீதம் தள்ளுபடி தருகிறது. மாதம் மூவாயிரத்துக்கு மருந்து வாங்கும் குடும்பம் அங்கே போகத்தான் செய்யும், போகவும் வேண்டும். அண்ணாச்சியே ஒரு நாள் கடையை மகனிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விடலாம். அப்போது அந்த மனப்பாடம் யார் கைக்கு வரும்?

ஏழைகளைப் பற்றிய வாதம்தான் கனமானது. மாதாமாதம் சீட்டு வேண்டும் என்றால் மாதாமாதம் டாக்டர் ஃபீஸ், ஒரு நாள் கூலி, பஸ் காசு. மாத்திரையின் விலையைவிட அது அதிகம். சீட்டைக் கட்டாயப்படுத்தினால் பாதிப் பேர் மாத்திரையையே விட்டுவிடுவார்கள்; பிரஷர் மாத்திரையை விட்டவருக்குப் பக்கவாதம் வரும். இப்படிச் சொல்கிறவர்கள் தர்க்கத்துக்காகச் சொல்லவில்லை, கண்ணால் பார்த்துச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்லும் துயரம் அத்தனையும் மெய். ஆனால் அதற்கான பழியைச் சட்டத்தின் மேல் போடுவது தப்பு. மாதாமாதம் புதுச் சீட்டு வாங்கு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 65-ஆவது விதி இதைத் தெளிவாகவே பேசுகிறது. மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டிய ஷெட்யூல் எச் போன்ற பட்டியல்களில் உள்ள மருந்துக்கான சீட்டை ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. ஆனால் திரும்பக் கொடுக்கலாம் என்று மருத்துவரே எழுதியிருந்தால் கொடுக்கலாம். எத்தனை முறை, எத்தனை நாள் இடைவெளியில் என்று எழுதியிருந்தால் அதன்படி கொடுக்க வேண்டும். நிலையாக இருக்கும் பிரஷர் நோயாளிக்கு "மாதம் ஒரு முறை வீதம் ஆறு முறை" என்று ஒரு வரி எழுத மருத்துவருக்கு ஐந்து விநாடி ஆகும். எழுதுகிறவர்கள் மிகச் சிலர். "கண்டினியூ பண்ணுங்க" என்று வாயால் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்த ஒரு வரி இல்லாத இடத்தில்தான் காலி அட்டை வந்து உட்காருகிறது. ஏழைக்கு இரக்கம் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் பரிசோதிக்க வேண்டியவரை ஆறு வருடம் அதே அட்டையோடு திரிய விட்டிருக்கிறோம்.

அதே விதியில் இன்னொரு உட்பிரிவு இருக்கிறது. என் வாதம் முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. மருந்து கொடுக்கும்போது, கடையின் பெயரையும் முகவரியையும் கொடுத்த தேதியையும் அந்தச் சீட்டிலேயே, மருத்துவரின் கையெழுத்துக்கு மேலே குறிக்க வேண்டும். பழைய ரேஷன் கார்டை நினைத்துக்கொள்ளுங்கள்: இந்த மாதம் சர்க்கரை வாங்கியாயிற்று, அரிசி வாங்கியாயிற்று என்று கார்டிலேயே பதிந்துவிடுவார்கள், கணக்கு கார்டோடு வீட்டுக்கு வந்துவிடும். மருந்துச் சீட்டுக்கும் அதே ஏற்பாட்டைத்தான் 1945 விதி செய்திருக்கிறது. கணினி வேண்டாம், போன் வேண்டாம். அமெரிக்கக் கடைக்காரர்கள் ஒருவரை ஒருவர் அழைத்துக் கேட்டுக்கொள்ளும் அத்தனையும் நோயாளியின் சட்டைப் பையிலேயே இருக்கும். எந்தக் கடைக்குப் போனாலும் புதுக் கடைக்காரர் ஒரு பார்வையில் தெரிந்துகொள்ளலாம்: போன மாதம் பன்னிரண்டாம் தேதி முப்பது மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், இன்னும் மூன்று முறை பாக்கி. மாற்றுவதற்குத் தனியாக ஒரு சடங்கே தேவைப்படாத ஏற்பாடு. இவ்வளவு எளிமையான ஒன்றைச் சட்டத்தில் வைத்துக்கொண்டு, அதைச் செய்யாமல் விட்டதற்குச் சுதந்திரம் என்று பேர் சூட்டியிருக்கிறோம்.

எழுதப்படுகிற கணக்குகளும் இடம் பெயர்வதில்லை. 2014 மார்ச் 1 முதல் ஷெட்யூல் எச்1 நடைமுறையில் இருக்கிறது. முதலில் 46 மருந்துகள்: கடைசிக் கட்ட ஆன்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள், அல்பிரசோலம், சோல்பிடெம் போன்ற தூக்க மாத்திரைகள். இவற்றை விற்கும்போது நோயாளி பெயர், மருத்துவர் பெயர், மருந்து, அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் பதிவேடு கடையோடு கிடக்கும். ஒரே சீட்டைக் காட்டி நான்கு தெருவில் நான்கு கடைகளில் அல்பிரசோலம் வாங்குகிறவர் நான்கு பதிவேடுகளில் நான்கு ஒழுங்கான நோயாளிகளாகப் பதிவாகியிருப்பார். முதல் கடை சீட்டில் சீல் குத்தியிருந்தால் இரண்டாவது கடையிலேயே கதை முடிந்திருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது, பலருக்குத் தெரியாதது. 2015-இல் வந்த மருந்தாளுநர் பணி ஒழுங்குமுறைகள், நோயாளியின் சீட்டு விவரங்களை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும் என்றும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. கடை மாறுகிறவர் பழைய கடையில் "என் மருந்து விவரத்தைக் கொடுங்கள்" என்று கேட்க முடியும் என்பதே இதன் பொருள். கேட்டால் கடைக்காரர் நம்மை மேலும் கீழும் பார்ப்பார். அவரிடம் இருப்பது விற்பனைக் கணக்கு. பல பில்களில் நோயாளி பெயர் இருக்கும் இடத்தில் "கேஷ்" என்றும், மருத்துவர் பெயர் இருக்கும் இடத்தில் கணினி தானாக நிரப்பிய ஏதோ ஒரு பெயரும் இருக்கும். அந்த மருத்துவரை நோயாளி ஜென்மத்தில் பார்த்திருக்க மாட்டார்.

தனியார் மருத்துவமனைகளின் உள்ளே இருக்கும் மருந்தகங்கள் வேறு ஒரு ரகம். அங்கே எழுதப்படும் பிராண்டு சில சமயம் வெளியே எந்தக் கடையிலும் கிடைக்காது. சீட்டு கையில் இருந்தும் கால் அந்த வாசலைத் தாண்ட முடியாது. இதை எதிர்த்துப் போன பொதுநல வழக்கில் 2025 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் தானாக உத்தரவு எதுவும் போடவில்லை. மாநில அரசுகள் கொள்கை வகுக்கட்டும் என்று விட்டுவிட்டது. எங்கும் வாங்கலாம் என்று மார்தட்டுகிறவர்கள் இந்த வாசலில் மட்டும் சத்தம் காட்டுவதில்லை.

"எல்லாம் ஆப்பில் இருக்கிறதே" என்பவர்களுக்குப் பெரிதாகப் பதில் தேவையில்லை. ஒரு செயலியில் இருக்கும் ஆர்டர் வரலாறு இன்னொரு செயலிக்குப் போகாது, தெருமுனைக் கடைக்கும் போகாது. ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் 2021 செப்டம்பரில் நாடு முழுக்கத் தொடங்கப்பட்டது. அதன் 14 இலக்க அடையாள எண்ணும் கோடிக்கணக்கானவர்களிடம் இருக்கிறது. அந்த எண்ணை உங்கள் மெடிக்கல் ஷாப்பில் என்றைக்காவது கேட்டிருக்கிறார்களா?

நம்மால் முடியாது என்பதும் பொய். காசநோயாளி ஊர் மாறினால் அவருடைய சிகிச்சை விவரம் நிக்ஷய் தளத்தின் வழியாகப் புது ஊரின் மையத்துக்கு மாற்றப்படுகிறது. எச்.ஐ.வி. சிகிச்சை பெறுபவர் திருச்சியிலிருந்து கோவைக்குக் குடிபோனால் ஏ.ஆர்.டி. மையங்கள் முறைப்படி அவரை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகின்றன. மருந்து விட்டுப்போனால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்ற பயம் இருந்ததால் அரசு அந்த இரண்டிலும் சிரத்தை எடுத்தது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அந்தப் பயம் இன்னும் வரவில்லை. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து வீடு தேடி வரும் மாத்திரைக்குக் கணக்கு இருக்கிறது. அதே மனிதர் ஒரு மாதம் தனியார் கடையில் வாங்கிக்கொண்டால் அது அந்தக் கணக்கில் சேர்வதில்லை.

அப்படியென்றால் அமெரிக்காவைக் காப்பியடிக்கலாமா? வேண்டாம். அங்கே சீட்டுக் கோப்பு கடையின் சொத்து. ரைட் எய்ட் என்ற பெரிய சங்கிலி 2025-இல் இரண்டாம் முறை திவாலாகிக் கடைகளை மூடியபோது, அதன் வாடிக்கையாளர்களின் சீட்டுக் கோப்புகள் சி.வி.எஸ். முதலிய போட்டிக் கடைகளுக்கு விலைக்குப் போயின. நோயாளியின் சீட்டு எந்தக் கடைக்குப் போகிறது என்பதையே ஏலம் போல ஒரு வியாபாரம் முடிவு செய்தது. சீட்டு கடையின் அலமாரியில் இருப்பதைவிட நோயாளியின் கையில் இருப்பதே மேல் என்பதில் பெரியப்பாவோடு எனக்குச் சண்டை இல்லை. கையில் இருப்பது சீட்டாக இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

கடைக்காரர்களிடம் இதைப் பேசினால் கடைசியில் ஒரு பதில் வரும்: ஒவ்வொரு சீட்டிலும் சீல் குத்தித் தேதி போட நேரம் எங்கே இருக்கிறது, வாடிக்கையாளர் வரிசையில் நிற்கிறார். பில் போட, ஜி.எஸ்.டி. சேர்க்க, க்யூ.ஆர். ஸ்கேன் செய்து பணம் வந்ததா என்று அந்தச் சின்ன ஸ்பீக்கர் கத்தும் வரை காத்திருக்க நேரம் இருக்கிறது. சீல் குத்த இரண்டு விநாடி. உண்மையான தயக்கம் வேறு. சீல் இருந்தால், சீட்டில்லாமல் கொடுத்ததும், ஒரு முறைக்கு எழுதியதை ஏழு முறை கொடுத்ததும், பார்மசிஸ்ட் இல்லாத நேரத்தில் கொடுத்ததும், எழுதியதை மாற்றிக் கொடுத்ததும் கடையின் பெயர், முகவரி, தேதியோடு வெளியே போகும். அட்டைத் துண்டில் அந்த விவரம் எதுவும் பதிவாகாது. நோயாளிக்குச் சௌகரியம் என்று விற்கப்படும் இந்த வழக்கத்தில் அதிக சௌகரியம் யாருக்கு என்று இப்போது பெரியப்பாவைக் கேட்கலாம்.